லிஸ்பனில் ஒரு மெழுகுதிரி

லிஸ்பன் நகரில் நான் செவிசாய்த்துக் கேட்ட முதல் சொல் எனக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லாக இருந்தது. பாத்திமா திருத்தலத்தை நோக்கிப் புறப்பட்ட முப்பத்திரண்டு பேர் கொண்ட திருப்பயணக் குழுவுக்கு ஆன்ம வழிகாட்டியாகச் சென்றிருந்தேன். நள்ளிரவு கடந்து விடுதியில் வந்து இறங்கியபோது, வரவேற்பிடத்தில் இருந்த முதியவர் தம் உதவியாளனிடம் ஏதோ சொல்லிக் கை நீட்டினார். அந்த வாக்கியத்தில் ‘ஷாவ்’ என்று ஒரு சொல் விழுந்தது. உதவியாளன் எடுத்துக் கொடுத்தது என் அறையின் சாவி. களைப்பையும் மறந்து சிரித்துவிட்டேன். அவர் கை ஊன்றியிருந்த மேசை, பின்னால் நின்ற அலமாரி, தெருவைப் பார்த்துத் திறந்திருந்த ஜன்னல், எல்லாமே இந்நகரத்து மொழி கடல் கடந்து வந்து நம் வீடுகளில் விட்டுச்சென்ற சொற்கள். எங்களைக் குறிக்கும் ‘பாதிரி’யும் அவ்வாறு வந்ததே.

ஆகவே மறுநாள் காலை ஊர் பார்க்கப் புறப்பட்டபோது, அந்நிய நாட்டுக்கு வந்த உணர்வே எனக்கு இல்லை. பார்க்க வேண்டியது இன்னது என்று முன்னமே தீர்மானித்துக்கொண்டு வந்தவன் நான். 1647-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் இந்நகரில் பிறந்து, அரசவையில் ஏவலனாக வளர்ந்து, மதுரை மறைத்தளத்துக்கு வந்து, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலைவெட்டுண்டு மறைசாட்சியான அருளானந்தரின் லிஸ்பனைக் காண வேண்டும். 1541 ஏப்ரலில் புனித சவேரியார் கப்பலேறிய கரையைக் காண வேண்டும். தமிழ்மொழியில் அமைந்த மறைநூல் ஒன்று ரோமன் எழுத்துகளில் 1554-இல் அச்சேறிய ஊரின் காற்றைச் சுவாசிக்க வேண்டும். இவை தவிர இன்னொரு லிஸ்பனும் என் மனத்தில் இருந்தது. அது குருமடத்து வகுப்பறையில் அறிமுகமானது. தீமை என்னும் சிக்கலைப் பற்றிய பாடம் தொடங்கும்போதெல்லாம் எங்கள் பேராசிரியர் 1755-ஆம் ஆண்டின் நிலநடுக்கத்திலிருந்தே தொடங்குவார். லைப்னிட்சின் நம்பிக்கைவாதத்தை வால்டேர் எள்ளி நகையாடியதற்கு அந்த நகரத்தின் இடிபாடுகளே காரணம் என்பார். தேர்வில் பத்து மதிப்பெண் பெற்றுத்தரும் ஓர் ஊராக லிஸ்பன் எனக்குள் நெடுங்காலம் இருந்தது.

காலையில் பேராலயம் சென்றோம். 1147-இல் இஸ்லாமியரிடமிருந்து நகரைக் கைப்பற்றியபின் கட்டத் தொடங்கியது அது. கோட்டை போன்ற இரு கோபுரங்கள். அதனருகிலேயே புனித அந்தோனியார் பிறந்த இடத்தின்மேல் எழுப்பப்பட்ட சிறிய ஆலயம். அவரைப் பதுவை நகரத்தார் என்றே அறிந்திருந்த எங்கள் குழுவினர் திகைத்துப் போயினர். எங்களுக்கு ஊர் காட்டிய பெண்மணிக்கு இது பழகிப்போன திகைப்பு போலும். “அவர் பதுவையில் இறந்தார், அவ்வளவுதான், பிறந்தது இங்கே” என்று செல்லக் கோபத்துடன் சொன்னார். ஜூன் 13-இல் இத்தெருக்களெங்கும் மத்தி மீன் சுடும் புகை எழும் என்பதையும் அவர் சொன்னபோதுதான், அந்தோனியாரை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்கள் நாம் மட்டுமல்லர் என்பது எனக்கு விளங்கியது.

நண்பகலில் பெலேம் சென்றோம். பெத்லகேம் என்பதையே போர்த்துக்கீசியர் அவ்வாறு அழைக்கின்றனர். தேஜு ஆற்றங்கரையில் நிற்கும் ஜெரோனிமோஸ் துறவு மடத்தை வருணிக்க முயலமாட்டேன். தென்னை மரங்கள் உச்சியில் மட்டை விரிப்பதுபோல் தூண்கள் விரிந்து கூரையைத் தாங்குகின்றன. கடற்கயிறுகளும் அயல்நாட்டுச் செடிகொடிகளும் கல்லில் முறுக்கேறிக் கிடக்கின்றன. 1755-இன் பேரழிவில் நகரின் நடுப்பகுதி தரைமட்டமானபோதும் இந்த விதானம் நிலைத்து நின்றது. அரைமணி நேரம் அண்ணாந்து பார்த்தபடியே இருந்தேன், கழுத்து வலித்தது.

புனித அகுஸ்தினார் தம் ‘ஒப்புக்கொள்ளல்கள்’ நூலின் பத்தாம் பகுதியில் கண்களின் பேராசையைப் பற்றிப் பேசுகிறார். வயல்வெளியில் நாய் முயலைத் துரத்துவதைப் பார்த்து நின்றுவிடுவதையும், வீட்டுச் சுவரில் பல்லி ஈயைப் பிடிப்பதில் மனம் ஒன்றிவிடுவதையும்கூடத் தம் குறைகளில் சேர்த்து எழுதியவர் அவர். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் சுற்றுலாப் பேருந்து முழுவதையும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு ஓட்டிச்செல்ல வேண்டியிருக்கும். நான் இவ்விஷயத்தில் புனித தோமாவின் பக்கம். அறிவதற்கான ஆவல் ஒரு நற்பண்பாகவும் இருக்கலாம், சீர்கெட்ட வேட்கையாகவும் இருக்கலாம், எதற்காக, எவ்வாறு அறிய விரும்புகிறோம் என்பதே அதை முடிவுசெய்யும் என்பது அவர் நிலை. ஆனால் அன்று பெலேமில் எனக்கு எழுந்த கேள்வி வேறு. பார்க்கக் கூடாததைப் பார்ப்பது ஒருபுறம் இருக்கட்டும். பார்க்க வந்ததை மட்டும் பார்த்துவிட்டுப் போவது என்ன வகைக் குற்றம்?

அந்தக் கேள்வி எழுந்த சூழலைச் சொல்ல வேண்டும். ஆலயத்தின் நுழைவாயிலை ஒட்டி வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. கல்லறை மேல் கைகூப்பிய நிலையில் படுத்திருக்கும் சிற்பம். பக்கவாட்டில் செதுக்கிய கப்பல். எங்கள் குழுவில் வந்த கடற்கரையூர்த் தாய் ஒருவர் அக்கல்லைத் தொட்டுச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். “அது புனிதருடைய கல்லறை இல்லம்மா” என்றேன். “இருக்கட்டும் சாமி, கோயிலுக்குள்ளதானே படுத்திருக்கார்” என்று அவர் மறுமொழி சொன்னார்.

1502-இல் தம் இரண்டாம் பயணத்தில் மலபார்க் கடலில் இந்த மனிதர் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும். மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த திருப்பயணிகளின் கப்பலைச் சிறைபிடித்து, பொருள்களைப் பறித்துக்கொண்டு, சில நூறு பேரோடு கப்பலைக் கொளுத்தினார். பெண்கள் தம் குழந்தைகளை உயர்த்திக்காட்டி இரக்கம் வேண்டியதாக அவருடன் சென்ற போர்த்துக்கீசியரே எழுதிவைத்திருக்கின்றனர். நான் வியந்து நின்ற விதானமும் வானத்திலிருந்து இறங்கியதன்று. மனுவேல் அரசர் ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழ்த்திசையிலிருந்தும் வந்த வணிகப் பொருள்கள்மீது நூற்றுக்கு ஐந்து என வரி விதித்து, அதைக்கொண்டு எழுப்பியது.  இவையெல்லாம் தெரிந்திருந்தும், அந்தத் தாயிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பயணத்தின் முதல் நாளே ஏன் அவர் மனத்தைக் கலைக்க வேண்டும் என்று எண்ணினேன். எனக்கு நெடுநாளாகப் பழக்கமான எண்ணம் அது.

பிற்பகலில் நகரின் நடுப்பகுதிக்குத் திரும்பினோம். கோடு போட்டாற்போல் நேர்நேரான தெருக்கள். 1755 நவம்பர் முதல் நாள், அனைத்துப் புனிதர் பெருவிழாக் காலை, மக்கள் ஆலயங்களில் நிறைந்திருந்த வேளையில் நிலம் அதிர்ந்தது. பலிபீடத்து மெழுகுதிரிகளும் அடுப்புகளும் சரிந்து தீ பரவியது. தப்பி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடல் வந்து எடுத்துக்கொண்டது. அதன்பின் பொம்பால் அமைச்சரின் ஆணையால் புதிதாக வரையப்பட்ட நகரம் இது. அருளானந்தர் நடந்த பழைய தெருக்கள் இங்கே பெரும்பாலும் இல்லை. நான் தேடி வந்த லிஸ்பன் அவர் இறந்து அறுபத்திரண்டு ஆண்டுகளில் அழிந்துவிட்டது என்பது ஏட்டில் படித்ததுதான். என்றாலும், அந்தத் தெருக்களில் நிற்கும்போது ஏமாற்றமாகவே இருந்தது.

ஐந்து மணிக்குக் குழுவினரைக் கடைவீதியில் விட்டுவிட்டு, எனக்கென்று ஒரு மணி நேரம் பெற்றுக்கொண்டேன். ரொசியோ சதுக்கத்தின் வடபுறத்தில் தேசிய நாடக அரங்கு வெண்ணிறத் தூண்களோடு நிற்கிறது. சமய விசாரணை மன்றத்தின் அரண்மனை அதே இடத்தில்தான் முன்பு இருந்தது. அதைக் கடந்து வலப்புறம் திரும்பினால் சிறிய சதுக்கம் ஒன்று. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்து குடியேறிய ஆண்களும் பெண்களும் மாலை வெயிலில் கூடி நின்று பேசிக்கொண்டிருந்தனர். மூலையில் ஒரு சிறு கடையில் செர்ரிப் பழ மதுவைச் சின்னஞ்சிறு கோப்பைகளில் ஊற்றித் தருகின்றனர். எதிரே, நம்மவர் சாமிநாதர் என்று அழைக்கும் புனித தொமினிக்கின் ஆலயம். வெளித்தோற்றத்தில் ஒன்றும் இல்லை. கால் வலிக்கிறதே, சற்று உட்காரலாம் என்றுதான் உள்ளே போனேன்.

உள்ளே கால் வைத்ததும் நின்றுவிட்டேன். 1959 ஆகஸ்டில் இந்த ஆலயம் எரிந்தது. 1994-இல் மீண்டும் திறந்தபோது, எரிந்த காயங்களை மூடாமல் அப்படியே விட்டுவிட்டனர். தூண்களின் கல் வெப்பத்தில் வெடித்துச் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருக்கிறது. பீடங்களின் விளிம்புகள் உருகியதுபோல் மழுங்கிக் கிடக்கின்றன. மேலே செம்மண் நிறத்தில் வெறுமையான கூரை. காலையிலிருந்து பொன்முலாம் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது அதிர்ச்சியாகவும், சொல்லப்போனால் ஆறுதலாகவும் இருந்தது. சிலர் முழந்தாளில் இருந்தனர். பக்கத்தில் ஒரு தட்டில் மெழுகுதிரிகள் எரிந்தன.

1506 ஏப்ரல் 19, ஞாயிற்றுக்கிழமை. கொள்ளைநோயும் வறட்சியும் நகரை வாட்டிய காலம். அரசவை நோய்க்கு அஞ்சி வெளியூர் சென்றுவிட்டது. நோய் நீங்க வேண்டி மக்கள் இந்த ஆலயத்தில் கூடி மன்றாடிக்கொண்டிருந்தனர். அப்போது ஒரு பீடத்தின் பாடுபட்ட சுரூபத்தில் வியத்தகு ஒளி தோன்றியதைச் சிலர் கண்டனர். புதுமை, புதுமை என்று ஆலயம் முழங்கியது. கூட்டத்தில் ஒருவர் மட்டும், அது அருகில் எரிந்த மெழுகுதிரியின் ஒளி பட்டுத் தெரிவதாக இருக்கலாம் என்றார். அவர் ‘புதுக் கிறிஸ்தவர்’. அதாவது, 1497-இல் அரச ஆணையால் கட்டாயத் திருமுழுக்குப் பெற்ற யூதர்களின் இனத்தவர். அவரை ஆலயத்திலிருந்து இழுத்துச்சென்று அடித்தே கொன்றனர். உடலை ரொசியோவில் எரித்தனர். தொமினிக்கன் துறவியர் இருவர் சிலுவையை ஏந்தி வெளியே வந்து கூட்டத்தைத் தூண்டினர். துறைமுகத்தில் நின்ற வெளிநாட்டுக் கப்பல்களின் மாலுமிகளும் சேர்ந்துகொண்டனர். மூன்று நாள்கள் கொலை நடந்தது. இறந்தவர் 2,000 பேர் என்போரும் 4,000 என்போரும் உளர். பின்னர் அரசர் அந்த இரு துறவியருக்கும் மரண தண்டனை விதித்தார். வேறு பலரும் தூக்கிலிடப்பட்டனர். ஆலயத்துக்கு வெளியே 2008-இல் தாவீதின் விண்மீன் பொறித்த நினைவுக்கல் ஒன்றை நிறுவியிருக்கின்றனர். அதற்கு முன்னரே, 2000-ஆம் ஆண்டில், லிஸ்பன் மறைமுதல்வர் திருச்சபையின் பெயரால் மன்னிப்பு வேண்டினார்.

இவ்வரலாற்றை நான் நூலில் படித்திருந்தேன். ஆனால் அந்தத் தட்டில் எரிந்த மெழுகுதிரிகளைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது லிஸ்பன் அன்று. என் பழைய பங்கு ஒன்றின் சுவர்.

இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்தது. அப்பங்கின் ஆலயத்தில் மாட்டியிருந்த வியாகுல அன்னையின் படத்தில், தவக்காலத்தின் நான்காம் வாரம் கண்ணருகே நீர்த்துளிகள் தோன்றின. முதலில் கண்டவர் பூ மாற்ற வந்த பெண். இரண்டு நாளில் பக்கத்து ஊர்கள், ஒரு வாரத்தில் வேன்களும் பேருந்துகளும். மின்வேலை பார்க்கும் இளைஞன் ஒருவன் ஒலிபெருக்கிக் கம்பி மாற்ற வந்தவன், வேலையை முடித்துவிட்டு என்னிடம் வந்தான். “சாமி, படத்துக்குப் பின்னாடி சுவரு ஓதம் காத்திருக்கு. மேல டேங்குக்குப் போற பைப்பு கசியுது” என்றான். அவனுக்கு விசுவாசத்தில் குறையொன்றும் இல்லை, பாடற்குழுவில் பாடுகிறவன். பார்க்கிறேன் என்றேன். பார்க்கவும் செய்தேன். அன்றிரவு கதவைச் சாத்திக்கொண்டு படத்தைக் கழற்றிச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். கை நனைந்தது. படத்தை மீண்டும் மாட்டினேன்.

அவன் வேறு சிலரிடமும் சொல்லியிருக்கிறான். அன்னையைப் பழித்தான் என்று அவனை ஆலய முற்றத்திலேயே அடித்தனர். அவன் வீட்டாருடன் தெருவில் யாரும் பேசவில்லை. நான் மறையுரையில் பொதுவாக அமைதியைப் பற்றிப் பேசினேன். ஆயருக்கு எழுதவில்லை. பதினோராம் நாள் வெளியூர் ஆள் ஒருவரை அழைத்துக் குழாயைச் சரிசெய்தேன். துளிகள் நின்றன. அவனுடைய அவிசுவாசத்தால் மாதா போய்விட்டாள் என்று ஊர் சொன்னது. அதையும் நான் மறுக்கவில்லை. அவன் ஊரைவிட்டுப் போனான். அவன் தாய் மட்டும் ஞாயிறுதோறும் வந்து, வாசலருகே கடைசி வரிசையில் அமர்ந்துவிட்டுப் போவார்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயங்கள் வலுவானவை, குருமடத்தில் கற்றவை. பொய் சொல்வது எந்நிலையிலும் தகாது, ஆயினும் உண்மையை விவேகத்தோடு மறைத்து வைக்கலாம் என்று அகுஸ்தினாரின் வழிநின்று புனித தோமா கூறுகிறார். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அன்னை அழுகிறாள் என்று என் வாயால் ஒருபோதும் சொன்னதில்லை. தவிர, அந்த ஊரில் அவ்வாண்டு மழை பொய்த்திருந்தது. மக்கள் மனம் சோர்ந்திருந்தனர். நெடுநாள் கோயிலை மிதியாதவர்கள் அழுது பாவசங்கீர்த்தனம் செய்தனர். அந்த ஆறுதலைக் குலைக்க நான் யார்? உண்டியல் நிறைந்ததையும், பாதியில் நின்ற மண்டப வேலை நடந்ததையும் இந்த நியாயங்களோடு சேர்த்து எண்ண நான் அப்போது துணியவில்லை.

அந்த எரிந்த ஆலயத்தில் உட்கார்ந்து இந்த நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். 1506-இலும் மக்கள் வாடியிருந்தனர். அவர்களுக்கும் ஆறுதல் தேவைப்பட்டது. அவர்களைக் கொடியவர்கள் என்று ஒதுக்க என்னால் இயலவில்லை. கொள்ளைநோயில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் அக்கூட்டத்தில் இருந்திருப்பர். ஆனால் ஆலயத்துக்குள் ஒருவரைப் பிடித்து இழுத்த அந்த நொடியில், அது மெழுகுதிரியின் ஒளியா அன்றா என்ற கேள்வி முடிந்துவிட்டது. அதன்பின் அங்கிருந்த குருக்களுக்கு ஒரே கேள்விதான் எஞ்சியிருந்தது. ஒரு மனிதர் அடிபடுகிறார்; நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? இருவர் சிலுவையைத் தூக்கிக்கொண்டு கொலையாளிகளின் முன் சென்றனர். அவர்களை வெறுப்பது எளிது. என் நினைவு சென்றது மற்றவர்களிடம். அந்த மடத்தில் துறவியர் இருவர் மட்டுமா வாழ்ந்திருப்பர்? புனித தோமாவைக் கற்றவர்கள், விவேகம் உடையவர்கள், அறைக்குள் இருந்து கூச்சலைக் கேட்டிருக்கக்கூடியவர்கள். உண்மையை மறைத்து வைக்கலாம் என்ற அனுமதி, அதன் விலையை மறைப்பவனே செலுத்தும்போது பொருந்தும். என் மௌனத்தின் விலையைச் செலுத்தியவன் ஒரு மின்வேலைக்காரன்.

அந்தப் புதுக் கிறிஸ்தவர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அவர் வீரம் காட்டப் பேசியதாக நான் எண்ணவில்லை. ஒளியைப் பார்த்தார், பக்கத்தில் மெழுகுதிரியையும் பார்த்தார். இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். பார்க்க வந்ததை மட்டும் பார்க்கத் தெரியாத அப்பாவி. அந்த இளைஞனும் அப்படித்தான்.

ஏழு மணிக்கு விடுதி திரும்பினேன். மறுநாள் பாத்திமா. அதைப் பற்றிய முன்னுரையை அன்றிரவே குழுவினருக்கு வழங்க வேண்டியிருந்தது. எழுதி வைத்திருந்த தாளை மடித்து வைத்துவிட்டு, ஒரு செய்தியிலிருந்து தொடங்கினேன். 1917 அக்டோபர் 13-இல் பல்லாயிரம் பேர் வானத்தில் அடையாளம் கண்டதாகச் சொன்னபின்னும், லெய்ரியா ஆயர் அக்காட்சிகள் நம்பத்தக்கவை என அறிவித்தது 1930 அக்டோபரில். பதின்மூன்று ஆண்டுகள் திருச்சபை கேட்டுக்கொண்டும் ஆராய்ந்துகொண்டும் இருந்தது. 2024 மே மாதம் உரோமை வெளியிட்ட புதிய நெறிமுறைகளும் ஆயர்கள் அவசரப்பட்டு எதையும் இயற்கைக்கு மேற்பட்டது என்று அறிவிப்பதை விரும்பவில்லை. பிறகு சாமிநாதர் ஆலயத்தின் கதையைச் சொன்னேன். பெலேமில் சொல்லாமல் விட்ட கப்பலின் கதையையும் சொன்னேன். கல்லறையைத் தொட்ட அந்தத் தாய் தம் கையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தப் பிள்ளைங்க பேரு எங்கயும் எழுதி வச்சிருக்கா சாமி?” என்று கேட்டார். இல்லை என்றேன். சுவரின் கதையை மட்டும் அன்றும் சொல்லவில்லை. அறைக்குச் சென்று கைப்பேசியை எடுத்தேன். அங்கே இரவு பத்து மணி என்றால் இங்கே விடியற்காலை இரண்டரை. அதைக் காரணமாக வைத்துக்கொண்டு உறங்கிவிட்டேன்.

ஊர் திரும்பியபின் அப்பங்கின் இன்றைய பங்குத்தந்தையிடம் பேசி, ஒரு ஞாயிறு திருப்பலியில் மக்கள்முன் இதைச் சொல்ல இசைவு பெற்றிருக்கிறேன். அதற்கு முன் அவனிடம் சொல்ல வேண்டும் என்று எண் தேடினேன். மூன்று பேரிடம் கேட்டுக் கிடைத்தது. இப்போது கொங்குநாட்டு ஊர் ஒன்றில் மோட்டார் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். குரலில் நாற்பது வயது தெரிந்தது. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சுவரைத் தொட்டுப் பார்த்ததை, குழாயை மாற்றியதை, எல்லாவற்றையும். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. கடையில் ஏதோ ஒரு மோட்டார் ஓடி நின்றது.

“எங்கம்மா இருக்கும்போது சொல்லியிருக்கலாம் சாமி” என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சற்றுக் கழித்து அவனே கேட்டான்: “அது ஜி.ஐ. பைப்புதானே?”

ஆம் என்றேன்.

“எல்போவுல விட்டிருக்கும்” என்றான்.